குறைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை

– மெதுவா, மெதுவா. கதவை அப்படியா சாத்துவாங்க? உள்ள இப்பத்தான் கண்ணை மூடினாரு.

– மன்னிச்சுக்கங்கக்கா. காத்து இழுத்துடுச்சு. அஞ்சு மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது. லிஃப்ட் கம்பெனி ஆளுங்க குடியிருக்கிற கட்டடம், இதுல ஒரு லிஃப்ட் கிடையாது பாருங்க.

– இதை நீ வர்றப்பல்லாம் சொல்ற.

– சிரிப்பீங்களேன்னு சொல்றேன்கா. முன்னாடியெல்லாம் சிரிப்பீங்க.

– முன்னாடி எம்புருஷன் மண்டை முழுசா இருந்துச்சு. அந்தப் பையில என்ன?

– பன்னுக்கா. காலையில சுட்டது. நான் பேக்கரியில பில்லு போடுற இடத்துல உக்காந்திருக்கேன்ல, எனக்குன்னு நாலு எடுத்து வச்சுடுவாங்க.

– மேசை மேல வை. போன தடவை கொண்டுவந்ததே இன்னும் கிடக்கு. இந்தா பாரு பொண்ணே, நேராவே சொல்லிடறேன். நீ மூணு நாளைக்கு ஒரு தடவை படியேறி வர்ற. அந்த ஸ்டூல் நுனியில உக்கார்ற. கேட்டதையே கேக்குற, நானும் சொன்னதையே சொல்றேன். இதுல யாருக்கு என்ன லாபம்?

– நான் என்னக்கா பண்ணட்டும்? வீட்டுல ஒருத்தர் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் போய் நின்னதும் முகத்தைத்தான் பாப்பாரு. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, சுவரைப் பாத்துத் திரும்பிக்குவாரு.

– திரும்பிக்கட்டும். ஸ்பேனரைப் போட்டது அவன். தலையில வாங்கினது இவரு.

– தெரியும்கா.

– தெரிஞ்சா சரி.

– கையிலயா தைக்கிறீங்க? மிஷின் என்னாச்சு?

– மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. துணியைப் போத்தி மூலையில தள்ளிட்டேன். அவருக்குச் சத்தம் ஆகாது. நாப்பத்தோரு நாளா அதை மிதிக்கல. ஸ்கூல் பை இருநூறு ஒத்துக்கிட்டிருந்தேன். பாதித் துணியைத் திருப்பிக் கொடுத்துட்டேன், மீதியைக் கையில இழுத்துக்கிட்டு இருக்கேன். விரலைப் பாரு, சல்லடை மாதிரி.

– ஐயோ. குடுங்கக்கா, நான் நாலு பை தைச்சுத் தர்றேன்.

– வேண்டாம். உன் தையல் எனக்குத் தெரியும். ரெண்டு புஸ்தகம் வச்சாலே பிரிஞ்சுடும்.

– இதுக்காவது திட்டினீங்களே, அதுபோதும். உள்ள ஜன்னல்ல இன்னும் போர்வைதான் கட்டியிருக்கா?

– வெளிச்சம் பட்டா கண்ணுக்குள்ள குத்துதாம். டாக்டர் என்ன சொன்னாரு? தலையில அடி பட்டா சில பேருக்கு வாரக்கணக்கா வலிக்கும், தானா குறையும், வாந்தி எடுத்தாலோ பேச்சு குழறினாலோ உடனே தூக்கிட்டு ஓடி வாங்கன்னாரு. முதல் பத்து நாள் நான் தூங்கவே இல்ல தெரியுமா? ராத்திரி மூணு தடவை எழுப்புவேன். ஏங்க, இது எத்தனை விரல்? ஏங்க, என் பேர் என்ன? ஒரு நாள் கடுப்பாகி, 'கல்யாணம் பண்ணிக்கிட்ட தப்புக்கு அதை வேற ஞாபகம் வச்சிருக்கணுமா'ன்னாரு. அப்பத்தான் எனக்குக் கொஞ்சம் உசிரு வந்துச்சு.

– அண்ணன் பேசினா அப்படித்தான் பேசுவாரு. எங்க வீட்டுல யாரும் பேசுறதே இல்லக்கா. ஃபோனை வச்சுக்கிட்டுப் படிக்கிறாரு. தலையில அடிபட்டவங்களுக்கு எத்தனை நாள் கழிச்சு என்ன ஆகும்னு. மூணு வாரம் கழிச்சுக்கூட உள்ள ரத்தம் கட்டுமாம். நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவங்ககூட... வேண்டாம், அதை நான் சொல்லல. என்னை எழுப்பி எழுப்பிப் படிச்சுக் காட்டுறாரு. 'இதுல போட்டிருக்கிறது அண்ணனுக்கு இருக்கா, போய்க் கேட்டுட்டு வா'ங்கறாரு.

– அவனே வந்து கேக்க வேண்டியதுதானே? கால் இருக்குல்ல?

– மூணு தடவை கிளம்பினாருக்கா. சட்டை மாட்டி, தலை வாரி, செருப்பு வரைக்கும் போட்டாச்சு. மூணாவது மாடி வரைக்கும் ஏறி வந்துட்டு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாரு. 'அந்த முகத்தை நான் எப்படிப் பாப்பேன்'னு அழறாரு. கீழ் வீட்டு அம்மா தண்ணி கொண்டுவந்து கொடுத்துது.

– எனக்கு யாரும் சொல்லல.

– சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். இன்னொண்ணும் இருக்கு. சொன்னா சிரிக்கக் கூடாது.

– இந்த வீட்டுல சிரிக்கிறதுக்கு யாரு இருக்கா? சொல்லு.

– அவருக்கும் தலை வலிக்குதுக்கா. சத்தியமா. இடது காதுக்குப் பின்னால, அண்ணனுக்குத் தையல் போட்டாங்களே, அதே இடம். ராத்திரி அங்க கையை வச்சு அமுத்திக்கிட்டுப் படுக்குறாரு. எங்கயும் இடிச்சுக்கல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு. 'ஒண்ணும் இல்லைன்னா எனக்கு எப்படி வலிக்குது'ன்னு கேட்டுட்டு, அவரே பதில் சொல்றாரு, 'வலிக்கட்டும், வலிக்கணும்'னு. கம்பெனியில அவரை ஸ்டோர்ல உக்கார வச்சிருக்காங்க, தெரியும்ல? லிஃப்ட் பக்கமே போறதில்ல. பதினோரு வருஷம் லிஃப்ட்டுலயே வாழ்ந்த மனுஷன், இப்போ எட்டு மாடின்னாலும் படியில ஏறுறாரு.

– இந்தப் பக்கம் இவரு இருட்டுல. அந்தப் பக்கம் அவன் படியில. நல்லா இருக்கு.

– அக்கா, இன்னைக்கு நான் சும்மா வரல.

– தெரியுது. வந்ததுல இருந்து அந்த முந்தானையை முறுக்கிக்கிட்டே இருக்க. கிழிஞ்சா தைக்க என்கிட்ட கொண்டுவராதே.

– அவரு கீழ நிக்கிறாரு. மருந்துக் கடை ஓரமா, வண்டி பக்கத்துல. சட்டைப் பையில ஒரு கடுதாசி வச்சிருக்காரு. ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினது.

– என்ன கடுதாசி? வேலையை விடப் போறானா?

– வேலையை விடுறதா இருந்தா நான் சந்தோஷமா பேனா வாங்கிக் கொடுத்திருப்பேன். போலீஸ்ல கொடுக்கப் போறாரு. ஸ்பேனர் தவறி விழலையாம். இவரே வேணும்னு போட்டாராம். அப்படி எழுதியிருக்காரு.

– என்னடி உளர்ற?

– உளறல. அன்னைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை, அது உங்களுக்குத் தெரியும்ல?

– மேற்பார்வைக்கு யாரைப் போடுறதுன்னு. தெரியும். ரெண்டு பேர் பேரையும் அனுப்பியிருந்தாங்க.

– டீ குடிக்கிற இடத்துல, நாலு பேருக்கு முன்னாடி, அண்ணன் கேட்டாராம். 'திருப்புளி எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தாண்டா, என் பேருக்குப் பக்கத்துல உன் பேரா'ன்னு. இவரு டீயைப் பாதியில வச்சுட்டு மேல போயிட்டாரு. லிஃப்ட் பெட்டியோட தலை மேல நின்னு வேலை பாத்துக்கிட்டே மனசுக்குள்ள நினைச்சாராம், 'இந்த ஆளு ஒழிஞ்சா தேவலை'ன்னு. நினைச்சு முடிக்கல, கீழ லிஃப்ட் குழிக்குள்ள, அண்ணன் நின்ன இடத்துல இருந்து அந்தச் சத்தம்.

– கோபத்துல ஆயிரம் நினைப்போம். நான்கூட இவரை நினைச்சிருக்கேன்.

– அதைத்தான்கா நானும் சொன்னேன். கேட்டாத்தானே! முதல்ல 'தவறி விழுந்துச்சு'ன்னாரு. அப்புறம் 'எப்படி விழுந்துச்சுன்னு ஞாபகமே வரல'ன்னாரு. கையில ஸ்பேனர் இருந்துச்சாம், வேர்வையைத் துடைச்சாராம், அப்புறம் கையில இல்லையாம். யோசிச்சு யோசிச்சு, இப்போ 'என் கைதான் விட்டுடுச்சு, என் கைக்குத் தெரியும்'னு வந்து நிக்கிறாரு. அந்தக் கையைத் தனியா வச்சுக்கிட்டுப் பாக்குறாருக்கா, வேற யாரோடதோ மாதிரி.

– கடவுளே.

– 'அண்ணனுக்கு வலி குறைஞ்சிருந்தா, இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். நான் நினைச்சது பலிக்கலைன்னு எடுத்துக்கறேன். அப்படியே இருந்துச்சுன்னா, இங்க இருந்து நேரா ஸ்டேஷன்தான். போய்க் கேட்டுட்டு வா'ன்னு அனுப்பினாரு. அதான் வந்தேன். என் பொண்ணுக்கு மூணு வயசுக்கா. அவரை உள்ள வச்சுட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?

– நான் என்ன பண்ணணுங்கற?

– ஒரே ஒரு வார்த்தை. குறைஞ்சிருக்குன்னு. ஜன்னல்கிட்ட நின்னு அவருக்குக் கேக்குற மாதிரி சொன்னாக்கூடப் போதும். நான் சொன்னா நம்பமாட்டாரு. தேத்துறதுக்குச் சொல்றேம்பாரு. நீங்க சொன்னா, நம்பினாலும் நம்புவாரு. அண்ணன் வாயால சொன்னா முழுசா நம்புவாரு. பொய்தான்கா. பொய்யாவே இருக்கட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், ஒரு பொய் சொல்லுங்க.

– ஸ்... ஊசி. குத்திடுச்சு.

– ரத்தம் வருது. இருங்க, துணி தர்றேன்.

– விடு. உக்காரு. கதவு சாத்தியிருக்கா பாரு. இப்படிக் கிட்ட வா, குரலைத் தாழ்த்து.

– என்னக்கா?

– நீ கேக்குறது பொய் இல்ல.

– புரியல.

– அவருக்குத் தலைவலி இல்ல. முதல் ரெண்டு வாரம் இருந்துச்சு, நிஜமாவே துடிச்சாரு. பதினஞ்சாம் நாளோ பதினாறாம் நாளோ நின்னுடுச்சு. தூங்குறாரு, சாப்பிடறாரு, ராத்திரி எல்லாரும் அடங்கினப்புறம் மொட்டை மாடியில நடக்குறாரு.

– அக்கா... அப்போ ஜன்னல்ல போர்வை? இந்த ஊசி நூலு?

– மிஷின் சத்தம் கேட்டா கீழ் வீட்டுல என்ன நினைப்பாங்க? 'ஓ, அந்த அம்மா தைக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவருக்குச் சரியாயிடுச்சு போல'ம்பாங்க. அதான். ரெண்டு வாரமா தெரிஞ்சேதான் கையில தைக்கிறேன்.

– எதுக்கு? நாங்க என்னக்கா பண்ணினோம் உங்களுக்கு? மூணு நாளைக்கு ஒரு தடவை வந்து உங்க முன்னாடி உக்காந்து அழுதேனே!

– கத்தாதே. திட்டு, ஆனா மெதுவா திட்டு. இன்னும் இருக்கு, முழுசா கேட்டுக்கோ. அது உன் புருஷன் கையில இருந்து விழல.

– என்னது?

– அன்னைக்கு முதல்ல மேல ஏறினது இவரு. உன் புருஷன் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே. பெட்டியோட தலை மேல நின்னு ஏதோ நட்டு முறுக்கிட்டு, ஸ்பேனரை அங்க இருந்த இரும்புச் சட்டத்து மேல வச்சுட்டு மறந்து இறங்கிட்டாரு. இறங்கி வந்து தாள்ல கையெழுத்தும் போட்டாச்சு, மேல ஒரு சாமானும் இல்ல, சுத்தமா இருக்குன்னு. அப்புறம்தான் டீ. அப்புறம்தான் சண்டை. உன் புருஷன் மேல போனான், இவரு குழிக்குள்ள இறங்கினாரு. புழுங்குதுன்னு ஹெல்மெட்டைக் கழட்டி ஓரமா வச்சாரு. ஸ்பேனரை எடுக்கப் பையில கையை விடுறாரு, இல்ல. அப்பத்தான் மேல வச்சுட்டு வந்தது ஞாபகம் வந்திருக்கு. நிமிர்ந்து பாத்து, 'டேய், பெட்டியை நகத்தாதே'ன்னு கத்த வாயைத் திறக்குறாரு. அதுக்குள்ள அவன் ஒரு முழம் நகத்திட்டான். சட்டத்துல இருந்து அது சரிஞ்சு வர்றதைக் கண்ணால பாத்திருக்காரு. தலையைத் திருப்பினாரு. அதான் காதுக்குப் பின்னால.

– அப்போ அவரு கையில இருந்த ஸ்பேனர்?

– அது மேலயே கிடந்திருக்கும். கம்பெனி ஆளுங்க எல்லாத்தையும் அள்ளி ஸ்டோர்ல போட்டுட்டாங்க. எல்லாம் ஒரே நம்பர், ஒரே அச்சு. எது யாரு வச்சிருந்ததுன்னு உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரு உள்ள படுத்திருக்காரு.

– ஏன்கா? ஏன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

– அந்தக் கையெழுத்து. மேல சாமானை விட்டுட்டு, இல்லைன்னு கையெழுத்து போட்டா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுல யாருக்கும் மன்னிப்பு கிடையாது. அந்த விதியைப் புதுப் பசங்களுக்கு நின்னு சொல்லிக் கொடுக்கிறதே இவருதான். இருபத்தாறு வருஷம் வேலை, இன்னும் மூணு வருஷம்தான் பாக்கி. வேலை போனா இந்தக் கம்பெனி வீடும் போகும், ஒரு மாசத்துல காலி பண்ணணும். அவரு லீவுல இருக்கிற வரைக்கும் விசாரணை இல்ல. தலைவலி நின்னுச்சுன்னா ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சுக் கேப்பாங்க. அவன் முகத்தைப் பாத்து இவரு பொய் சொல்லணும். அதுக்குப் பயந்துதான் இந்த இருட்டு.

– அவரு அண்ணனைத் தூக்கிட்டுப் போனாரு. தோள்ல போட்டுக்கிட்டு. அந்த ரத்தச் சட்டையை இன்னும் துவைக்க விடமாட்டேங்கிறாருக்கா!

– எனக்கும் இதெல்லாம் போன ரெண்டு வாரமாத்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே இருந்தவரு, தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. சொல்லிட்டு ரசம் ஊத்துன்னாரு. நானும் ஊத்தினேன். அன்னைக்கே நான் உன் வீட்டுக்கு வந்திருக்கணும். வரல. மூணு வருஷம்தானே, அவனுக்கு ஒண்ணும் ஆகாது, சின்ன வயசு, தவறி விழுந்ததுன்னு விட்டுடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ வர்றப்பல்லாம் உன்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். அப்படி விழுந்தாத்தான் என்னால உன்னைப் பாக்க முடிஞ்சுது.

– உங்களை என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல. நாப்பத்தோரு நாள். மூணாவது மாடிப் படியில உக்காந்து அழுதாருக்கா அவரு.

– என்ன வேணா சொல்லு. அப்புறமா சொல்லு. முதல்ல போய் அவனைக் கூப்பிடு. அந்தக் கடுதாசியோட அவன் கீழ நிக்க வேண்டாம். நானே அவன்கிட்ட சொல்றேன்.

– கூப்பிடறேன். இதோ, இந்த ஜன்னல்ல இருந்தே... ஏங்க! ஏங்க, இங்க! மேல வாங்க! ஆமா, நீங்கதான்! ஒண்ணும் ஆகல, நல்ல சேதிதான், வாங்க! வர்றாருக்கா. தலையை ஆட்டிட்டாரு. வண்டியைப் பூட்டாமலே வர்றாரு. ஐயோ, எனக்குக் கோபமா சந்தோஷமான்னே தெரியல.

– தண்ணி குடி. பானையில... ஏங்க. எப்ப எழுந்தீங்க?

– நீங்க ரெண்டு பேரும் பேசுறப்ப யாரு தூங்குறது?

– அண்ணே!

– எல்லாத்தையும் கேட்டீங்களா?

– சுவரு மெல்லிசு.

– கேட்டதும் நல்லதுதான். நான் சொல்லிட்டேன். இனிமே என்னைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. அவன் வந்துக்கிட்டிருக்கான். எழுதி வச்சிருக்கானாம், கொலை பண்ணப் பாத்தேன்னு. நீங்க வளத்த பையன் அவன். வீடு போனா போகட்டும். எங்கயாவது ஒரு ரூம் கிடைக்கும். மிஷின் இருக்கு, நான் மிதிப்பேன். ராத்திரி மொட்டை மாடியில நடக்கிறதுக்குப் பதிலா, பகல்ல தெருவுல நடங்க. ஒரே ஒரு வார்த்தைதான், அதை நீங்க சொல்லணும்.

– அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. கம்பெனியில யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். அவர்கிட்ட மட்டும், அவரு காதுல மட்டும் சொல்லிடுங்கண்ணே.

– எழுந்திரும்மா. காலைத் தொடாதே. எழுந்திருன்னு சொல்றேன்ல.

– சொல்லுவாருடி. முகத்தைப் பாரு, சொல்லுவாரு. ஏங்க, உக்காருங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

– வந்துட்டாரு! கதவைத் திறக்கறேன். வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் இருக்கட்டும். ஏங்க, அது உங்க கையில இருந்து விழலைங்க! அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, அது அண்ணன் வச்சுட்டு வந்த...

– நீ கொஞ்ச நேரம் பேசாம இரு. அண்ணே. எழுந்து நிக்கிறீங்களே. உங்களைப் பாத்து எத்தனை நாளாச்சு!

– வாடா. என்னடா இப்படி இளைச்சுட்ட?

– அண்ணே, இவ வாசல்லயே ஏதேதோ சொல்றா. ரெண்டு நாளா என்னைத் தேத்துறதுக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா. எனக்கு எதுவும் வேண்டாம். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். தலை எப்படிண்ணே இருக்கு?

– சொல்லுங்க. ஏங்க... அவனைப் பாத்துச் சொல்லுங்க.

– இன்னும் வலிக்குதுடா தம்பி. அப்படியேதான் இருக்கு.